யூத மதம், கபாலா: எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

யூத மதத்தையும் அதன் மறைஞான மரபான கபாலாவையும் படிக்க ஆசை, நேராக கபாலாவின் முதன்மை நூலான சோஹாரையே வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம். சோஹார் பெரும்பாலும் தோராவின், அதாவது பைபிளின் முதல் ஐந்து நூல்களின், வசனங்களுக்கு எழுதிய உரை. வசனமும் தெரியாமல், அதை வைத்து வாழ்கிறவர்களின் வாழ்க்கையும் தெரியாமல் உரையை மட்டும் பிரித்தால் ஒன்றும் பிடிபடாது.

ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷலின் ‘தி சபாத்’தை முதலில் படியுங்கள். 1951-இல் வந்த சின்னப் புத்தகம். மனிதர்கள் இடங்களில் ஆலயம் எழுப்புகிறார்கள், யூதர்களோ காலத்தில், சபாத் என்னும் ஓய்வு நாளான வாரத்தின் ஏழாம் நாளில் எழுப்பினார்கள் என்கிறார் ஹெஷல். வெள்ளிக்கிழமை மாலை ஜெப ஆலயத்தில் ‘லெகா தோதி’ என்னும் பாட்டைப் பாடுவார்கள். கடைசிக் கண்ணி வந்ததும் எல்லோரும் வாசல் பக்கம் திரும்பித் தலைவணங்குவார்கள். சபாத் மணப்பெண்ணாக உள்ளே வருகிறாள். அந்தப் பாட்டை எழுதிய ஷ்லோமோ அல்கபெட்ஸ், 16-ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் நகரில் வாழ்ந்த கபாலா ஞானி. கபாலா எங்கோ குகைக்குள் ஒளிந்திருக்கும் ரகசியம் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வாராவாரம் குழந்தைகள்கூட அதைப் பாடுகிறார்கள்.

அடுத்து தால்முத், யூத ரபிகளின் சட்ட விவாதங்களும் கதைகளும் அடங்கிய பெருந்தொகுப்பு. அதன் அமைப்பு புரிய அடின் ஸ்டைன்சால்ட்ஸின் ‘தி எசென்ஷியல் தால்முத்’ போதும். பிறகு செஃபாரியா இணையதளத்தில் அவருடைய உரையோடு தால்முத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு இலவசமாகவே கிடைக்கிறது. அதில் ஹகிகா என்னும் பகுதியின் 14-ஆம் ஏட்டின் பின்பக்கத்தைத் தேடிப் படியுங்கள். நான்கு பேர் ‘பர்தேஸ்’ என்னும் தோட்டத்துக்குள் போகிறார்கள். பென் அசாய் பார்த்தார், இறந்தார். பென் சோமாவுக்குப் புத்தி பேதலித்தது. மூன்றாமவர் செடிகளை வெட்டினார், அதாவது நம்பிக்கையைத் துறந்தார். ரபி அகிவா மட்டும் நலமாகத் திரும்பினார். கதை ஏறக்குறைய இவ்வளவுதான், என்ன பார்த்தார்கள் என்பதற்கு அந்த ஏட்டில் தெளிவான விளக்கம் கிடையாது! அந்த மௌனத்துக்கு விடை தேடித்தான் பின்னால் வந்த மறைஞானிகள் இவ்வளவு எழுதினார்கள் என்று எனக்குத் தோன்றும். கூடவே தமிழ் பைபிளில் எசேக்கியேல் முதல் அதிகாரத்தையும் படித்துவிடுங்கள். மிகப் பழைய யூத மறைஞானம் அதில் வரும் தேர்க் காட்சியைச் சுற்றித்தான் வளர்ந்தது.

இதற்குப் பிறகு கபாலா ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலெம். 1938-இல் நியூயார்க்கில் ஆற்றிய உரைகளிலிருந்து உருவாகி 1941-இல் வந்த அவருடைய ‘மேஜர் டிரெண்ட்ஸ் இன் ஜூயிஷ் மிஸ்டிசிசம்’ கடினமான நூல். அவசரப்படாமல் படித்தால் ஈடு இணையில்லாதது. சோஹார் 2-ஆம் நூற்றாண்டின் ரபி ஷிமோன் பார் யோகாய் அருளியது என்பது மரபு. 13-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் மோசே தெ லெயோன் எழுதியது என்று ஷோலெம் அதன் மொழியை அலசி நிறுவுகிறார். மோசே இறந்ததும், சோஹாரின் பழைய மூலச்சுவடியைத் தேடி ஒருவர் அவர் ஊருக்கே போகிறார். அப்படியொரு சுவடியே கிடையாது, எல்லாம் கணவர் தம் மனத்திலிருந்து எழுதியதுதான் என்று அவர் மனைவி சொன்னதாகக் கேள்விப்படுகிறார். அந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள்.

ஷோலெமோடு பல இடங்களில் முரண்படும் ஆய்வாளர் மோஷே இடெலின் 1988-ஆம் ஆண்டு நூலை அப்புறம் பார்க்கலாம்.

சிவப்புக் கயிறு, பணவரவு, ராசி எண் என்று பேசும் கபாலா புத்தகங்களைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். எந்த மூலநூலில், எந்தப் பகுதியில் இருந்து எடுத்தது என்று சொல்லாத புத்தகத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இவ்வளவும் ஆனபின் சோஹார். டேனியல் மாட் முதல் 9 தொகுதிகளை மொழிபெயர்த்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பு மொத்தம் 12 தொகுதிகள். விலையும் அதிகம், முதல் வாசிப்புக்கு அவ்வளவு தேவையும் இல்லை. அவரே தேர்ந்தெடுத்து 1983-இல் வெளியிட்ட ஒற்றைத் தொகுப்பு இருக்கிறது, குறிப்புகள் அருமையானவை. அதை வாங்குங்கள்.