கேள்வி – பதில்: கூரையில் பான்டோகிராஃப் இல்லாத மின்ரயில்

கேள்வி: ஜெர்மனியில் பணிபுரியும் என் தம்பி, 'ஈடிஏ 150' என்று எழுதப்பட்ட சிவப்பு ரயில் மாதிரி ஒன்றை 1:87 அளவில் அனுப்பியிருக்கிறான். மின்ரயில் என்கிறான், ஆனால் கூரையில் பான்டோகிராஃப் (மேல்நிலைக் கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் சட்டம்) இல்லை. அது உடைந்து விழுந்துவிட்டதா? இதற்கு எப்படிப்பட்ட நிலையம் அமைக்கலாம்?
– வாசகர், திருச்சி

பதில்: எதுவும் உடையவில்லை. மேற்கு ஜெர்மனியின் ரயில்வேக்காக 1950களிலிருந்து 1965 வரை தயாரிக்கப்பட்ட இந்த வண்டி, தரைத்தளத்தின் அடியில் வைத்த ஈய-அமில பேட்டரிகளின் மின்சாரத்தில் ஓடியதால், அதற்கு மேல்நிலைக் கம்பியே தேவைப்படவில்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வரை சென்ற இவ்வகையில் 232 மோட்டார் பெட்டிகள் கட்டப்பட்டன. கடைசி வண்டிகள் 1995-இல்தான் ஓய்வுபெற்றன. இதற்கும் முன்னோடி உண்டு. அன்றைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் ரயில்வேக்காக 1907 முதல் கட்டப்பட்ட விட்ஃபெல்ட் வண்டிகளில், பேட்டரிகள் இரு முனைகளிலும் மூக்குப்போல் நீண்ட பெட்டிகளுக்குள் இருந்தன. ஆகவே மாதிரி வண்டிகளில் இவ்விரண்டையும் யாரும் எளிதில் அடையாளம் காணலாம்.

அசல் வண்டி மின்சாரத்தைத் தன்னோடு சுமந்து சென்றது. உங்கள் மாதிரியோ பெரும்பாலும் தண்டவாளத்திலிருந்துதான் அதை எடுத்துக்கொள்ளும். ஓட்டிப் பார்க்கும் முன் வண்டியைத் திருப்பி அடிப்பகுதியைப் பாருங்கள். நடுவில் நீளமான உலோகச் சறுக்குத் தகடு இருந்தால், அது மெர்க்லின் என்ற ஜெர்மன் மாதிரி ரயில் நிறுவனத்தின் முறைப்படி, தண்டவாளத்தின் நடுவேயுள்ள புள்ளிகளிலிருந்து மின்சாரம் பெறுவது. சாதாரண இரு தண்டவாள நேர்மின்னோட்டப் பாதையில் அது ஓடாது. தகடு இல்லையென்றால் சக்கரங்கள் வழியாகவே மின்சாரம் பெறும் வகை.

நிலைய அமைப்பில் ஆண்டுக் கணக்கைக் கவனியுங்கள். 1968-இல் எண்முறை மாறியபோது இந்த வண்டிகள் '515' ஆயின. நீலமும் வெளிர்மஞ்சளும் கலந்த பூச்சு 1970களில்தான் வந்தது. எனவே 'ஈடிஏ' எழுத்துடன் சிவப்பாக இருக்கும் உங்கள் வண்டியின் அருகே அந்த நீலப் பெட்டிகளை நிறுத்துவது பொருந்தாது. மலைப்பாதையும் குகைகளும் வேண்டாம் என்பது என் கருத்து. மேற்கு ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியும் அதன் வடக்கிலுள்ள ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் மாநிலத்தின் சமவெளியும்தான் இவ்வண்டிகள் அதிகம் ஓடிய இடங்கள். மேல்நிலைக் கம்பியில்லாத கிளைப்பாதையின் முடிவில் ஒரு சிறிய நிலையமும், ஓரத்தில் மின்னேற்றம் செய்யும் பெட்டியும் போதும். மெல்லிய கறுப்பு நூலைக் கேபிளாக நீட்டி வைக்கலாம்; அதை வண்டியோடு மட்டும் ஒட்டிவிடாதீர்கள், பிறகு வண்டி நகராது.