ஜப்பான் மோட்டாரில் 'சீனா' முத்திரை: வாங்குபவர் கேள்வி-பதில்

கேள்வி: மகளின் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகச் சிறிய மோட்டார்கள் இரண்டு வாங்கினேன். கடைக்காரர் "இது அசல் மபுச்சி, ஜப்பான் சரக்கு" என்று சொல்லி, பெயரில்லாத மோட்டாரைப் போல நான்கு மடங்கு விலை வாங்கினார். வீட்டுக்கு வந்து உறையைப் பார்த்தால் சீனாவில் தயாரானது என்று அச்சிட்டிருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: அந்த ஒரு வரியை வைத்து ஏமாந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. புத்தம்புதிய மோட்டாரின் உறையில் "ஜப்பானில் தயாரானது" என்று இருந்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். சிறு மோட்டார் செய்யும் மபுச்சி நிறுவனத்தின் தலைமையகம் ஜப்பானின் சிபா மாநிலத்தில், மத்சுதோ நகரத்தில் இருக்கிறது. ஆனால் அதன் சிறு மோட்டார்கள் பல பத்தாண்டுகளாகவே ஜப்பானுக்கு வெளியேதான் தயாராகின்றன.

போர் முடிந்த மறுவருடம், 1946-இல், கெனிச்சி மபுச்சி என்பவர் ஷிகோகு தீவின் தகாமத்சு நகரில் ஒரு சிறிய ஆய்வகம் வைத்திருந்தார். பள்ளிப் பாடத்தில் வரும் லாடக் காந்தத்தை வைத்து மலிவான மோட்டார் ஒன்றை உருவாக்கியது அங்கேதான். அதுவரை ஜப்பானியத் தகரப் பொம்மைகள் சாவி கொடுத்தால் ஓடி, சுருள்வில் தளர்ந்ததும் நின்றுவிடும். ஒரு பேட்டரியும் இந்த மோட்டாரும் சேர்ந்து அந்தச் சாவிக்கு விடைகொடுத்தன. 1954-இல் டோக்கியோவில் முறையான நிறுவனம் தொடங்கியது. அடுத்த பத்தே ஆண்டுகளில், 1964-இல், ஹாங்காங்கில் ஆலை வந்துவிட்டது. பிறகு தைவான், 1987-இல் வடசீனத்துத் துறைமுக நகரமான தாலியன், மலேசியா, 1996-இல் வியட்நாம். பொம்மை மோட்டாரில் கிடைப்பது சில்லறை லாபம். கூலி ஏறும் ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்தால் கட்டாது என்று மற்ற ஜப்பானிய நிறுவனங்கள் உணர்வதற்கு வெகு முன்பே இவர்கள் உணர்ந்திருந்தார்கள். ஆகவே "ஜப்பான் சரக்கு" என்ற கடைக்காரரின் பேச்சுதான் பிழை. மோட்டார் அசலாகவே இருக்கலாம்.

அசல்தானா என்று பார்க்க உறையைவிட விரல் உதவும். வெளியே நீட்டியிருக்கும் சுழல்தண்டை, அதாவது ஷாஃப்டை, மெதுவாகத் திருப்புங்கள். இந்த வகை மோட்டாரின் ஆர்மேச்சரில், அதாவது கம்பி சுற்றிய சுழலும் பாகத்தில், மூன்று துருவங்கள், வெளியே இரண்டு காந்தங்கள். எனவே ஒரு முழுச் சுற்றில் ஆறு இடங்களில் சற்றே பிடித்துவிடும். ஆறும் ஒரே அளவாகப் பிடித்தால் உள்ளே வேலை ஒழுங்காக இருக்கிறது. ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் நழுவினால், எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் கண்காட்சிக்குப் பெயரில்லாத மோட்டாரே போதும். நான்கு மடங்கு விலை கொடுத்ததுதான் வீண்.

கேள்வி: 130 என்ற மோட்டாரில் ஒன்றின் மேல் 2270 என்றும் இன்னொன்றின் மேல் 18100 என்றும் எழுதியிருந்தது. பெரிய எண்ணுக்குச் சக்தி அதிகம் என்று நினைத்து இரண்டாவதை வாங்கினேன். ஒற்றைப் பேட்டரியில் அது சோம்பலாகச் சுழல்கிறது. பழுதா?

பதில்: பழுதில்லை. அந்த எண் குதிரைத்திறனைக் குறிப்பதில்லை, உள்ளே சுற்றியிருக்கும் கம்பியைக் குறிக்கிறது. 2270 என்றால் 0.22 மில்லிமீட்டர் கம்பி, 70 சுற்று. 18100 என்றால் 0.18 மில்லிமீட்டர் கம்பி, 100 சுற்று. முதலாவது 1.5 வோல்ட்டுக்கு உரியது, சுமையில்லாமல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 9,100 முறை சுழலும். இரண்டாவது 3 வோல்ட்டுக்கு உரியது, அதில் 12,300 சுற்று வரை போகும். அதற்கு நீங்கள் பாதி வோல்ட் கொடுத்தால் வேகமும் பாதியாகத்தான் இருக்கும். இன்னொரு பேட்டரியை வரிசையில் சேருங்கள், சோம்பல் போய்விடும்.

இந்த எண்ணுக்குப் பின்னால்தான் மபுச்சி நிறுவனம் வளர்ந்த கதையே இருக்கிறது. தொடக்க காலத்தில் பொம்மை செய்பவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பொம்மைக்கென்று தனி அளவில் மோட்டார் கேட்டார்கள். ஒருவருக்கு ஷாஃப்ட் நீளம், இன்னொருவருக்கு உடல் குட்டை. அதோடு, மேலைநாட்டுக் கிறிஸ்துமஸுக்குக் கப்பலேற வேண்டிய சரக்கு என்பதால் எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்டார்கள். சில மாதங்கள் ஆலையில் இரவு பகல் வேலை, மற்ற மாதங்களில் ஈ ஓட்ட வேண்டியதுதான். முன்கூட்டிச் செய்து வைக்கலாம் என்றால், யார் என்ன அளவு கேட்பார்கள் என்பது தெரியாது.

1970களின் தொடக்கத்தில் மபுச்சி அந்த வழக்கத்தைத் தலைகீழாக்கியது. "நீங்கள் கேட்கும் மோட்டாரை நாங்கள் செய்வதில்லை. நாங்கள் செய்யும் சில மோட்டார்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், விலை குறைவாக இருக்கும்" என்ற பேரம். வாடிக்கையாளரிடம் இப்படிப் பேச அசட்டுத் துணிச்சல் வேண்டும். ஆனால் குறைந்த விலையே வாதாடி வென்றது. ஒரே ஓடு, ஒரே காந்தம், ஒரே ஷாஃப்ட், கம்பியும் சுற்றும் மட்டும் ஆளுக்கேற்ப மாறும். கடினமாக இருக்கும் வேலையெல்லாம் ஒரே மாதிரி, மாற்றம் எளிதாக இருக்கும் இடத்தில் மட்டும் மாற்றம். வேலை குறைந்த மாதங்களில் தைரியமாகச் செய்து அடுக்கி வைக்க முடிந்தது. அந்த நிறுவனம் இன்று ஆண்டுக்கு நூறு கோடிக்கும் மேல் மோட்டார்களை வெளியே அனுப்புகிறது.

அதனால் உங்களுக்கு என்ன லாபம் என்றால், 20 மில்லிமீட்டர் அகலமும் 15 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட அந்தத் தட்டை உருளை வடிவத்தை ஊரெல்லாம் நகலெடுத்து, "130 மோட்டார்" என்பதே பொதுப்பெயராகிவிட்டது. யார் செய்ததானாலும் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காரும். டமியா என்ற ஜப்பானியப் பொம்மை நிறுவனம் 1982-இல் கொண்டுவந்த குட்டிக் கார்களிலும் இதே அளவுதான்.

ஒரே ஓடு என்பதில் ஒரு வினையும் உண்டு. பார்வைக்கு ஒன்றாக இருப்பதால் மாற்றிப் பொருத்திவிடுவோம். மாணவனாக இருந்தபோது 1.5 வோல்ட் மோட்டாருக்கு 9 வோல்ட் அடாப்டரைக் கொடுத்தேன். சில நொடிகள் விமானம் போல அலறியது, பிறகு பின்மூடி இளகி, சுழலும் பாகத்தை உரசி அதற்கு மின்சாரம் கொடுக்கும் பிரஷ் கோணிக்கொண்டது. அறையில் இரண்டு நாள் நாற்றம். சரியான வோல்ட் கொடுத்தாலும் ஷாஃப்டை விரலால் நிறுத்திப் பிடிக்காதீர்கள். சும்மா சுழலும்போது 0.15 ஆம்பியர் இழுக்கும் 18100, நிறுத்திப் பிடித்தால் 2 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அத்தனையும் சூடாகத்தான் போகும்.

கேள்வி: காரின் பக்கக் கண்ணாடி மடங்குவதில்லை. உள்ளே இருக்கும் மோட்டார் போய்விட்டது, கண்ணாடித் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறது பணிமனை. மோட்டாரை மட்டும் மாற்ற முடியாதா?

பதில்: பல நேரம் முடியும். பொம்மைக்குப் பிறகு மபுச்சிக்குச் சோறு போடுவது கார்தான். கதவுப் பூட்டு, பக்கக் கண்ணாடி, ஜன்னல் ஏற்றி, இருக்கை என்று இன்று அதன் வருவாயில் பாதிக்கு மேல் கார் மோட்டார்களால் வருகிறது. எந்த நிறுவனத்துக் கண்ணாடியைப் பிரித்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் இப்படி எண்ணிட்ட ஒரு சிறு மோட்டார்தான். மூடியைக் கழற்றச் சொல்லி அந்த எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதே எண்ணில் தேடுங்கள்.

ஆனால் முதலில் பல்சக்கரத்தைப் பாருங்கள். மோட்டார் நன்றாகச் சுழன்று கண்ணாடி மட்டும் அசையாமல் இருந்தால் தேய்ந்தது பிளாஸ்டிக் பல்தான், புது மோட்டாரால் பயனில்லை. உத்தரவாதக் காலம் முடியாவிட்டால் திருப்புளியைத் தொடவே வேண்டாம். மின்சாரக் கைப்பிரேக் போன்ற பாதுகாப்புப் பாகங்களில் இந்தச் சிக்கனம் கூடாது.

கேள்வி: பழைய ஹார்டு டிஸ்கைப் பிரித்தபோது நிடெக் என்ற பெயரைப் பார்த்தேன். அதுவும் ஜப்பான் மோட்டார் நிறுவனமாமே. இரண்டில் எது உயர்ந்தது? பங்கு வாங்கலாமா? அந்த மோட்டாரை வேறு எதற்காவது பயன்படுத்தலாமா?

பதில்: இரண்டும் வேறு வேறு சரக்கு. மபுச்சியின் பெயர் பெற்ற மோட்டார்களில் பிரஷ் உண்டு, அது தேயும். நிமிடத்துக்கு 7,200 முறை, ஆண்டுக்கணக்கில் ஓயாமல் சுழல வேண்டிய ஹார்டு டிஸ்குக்கு அது ஒத்துவராது. 1973-இல் ஷிகெனோபு நாகமோரி என்பவர் மூன்று தோழர்களோடு கியோத்தோவில் தொடங்கிய நிடெக், பிரஷ் இல்லாத மோட்டாரைப் பிடித்துக்கொண்டு கணினியோடு சேர்ந்து வளர்ந்தது. பிறகு பிற நிறுவனங்களை வாங்கி வாங்கிப் பெருத்தது. அமெரிக்க எமர்சனின் மோட்டார் பிரிவை 2010-இல் வாங்கியது, குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரசரில் பெயர் பார்த்திருப்பீர்களே, அந்த எம்ப்ராகோவை 2019-இல் வாங்கியது. மபுச்சி ஒரே பண்டத்தைக் கோடிக்கணக்கில் செய்து வளர்ந்தது என்றால், நிடெக் பண்டங்களைச் சேர்த்துக்கொண்டு வளர்ந்தது. எனக்கு முதல் வழிதான் பிடிக்கும், அது என் சொந்த ருசி.

பங்கு விஷயம் இந்தப் பகுதிக்கு உரியதல்ல. கணக்கு வழக்கில் எழுந்த ஐயங்களால் 2025-இல் டோக்கியோ பங்குச்சந்தை நிடெக்கைச் சிறப்பு எச்சரிக்கைப் பட்டியலில் வைத்தது என்பதை மட்டும் காதில் போட்டுவைக்கிறேன்.

உங்கள் கையில் இருக்கும் மோட்டாரைப் பேட்டரியில் நேரடியாக இணைக்காதீர்கள், சுழலாது, ஒரு துடிப்போடு நின்றுவிடும். மூன்று அல்லது நான்கு முனைகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவற்றுக்கு முறை வைத்து மின்சாரம் கொடுக்கத் தனிச் சுற்று வேண்டும். ரிமோட் விமானங்களுக்கு விற்கும் பிரஷ் இல்லாத மோட்டார்களுக்கான கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று வாங்கினால் ஓட்டிப் பார்க்கலாம். பலகையின் விலை பழைய டிஸ்கின் விலையைத் தாண்டிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.