கைதட்ட வேண்டிய இடம்

கேள்வி: நீங்கள் ஓர் இசை ரசிகர். கடந்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் கச்சேரி, கிரிக்கெட், பொழுதுபோக்கு என்று பார்த்தவற்றில் உங்கள் மனதில் நிற்பது எது?

பாட்டும் ஸ்கோரும் எனக்குச் சீக்கிரம் மறந்துவிடும். கூட்டம் எந்த இடத்தில் சத்தம் போட்டது, எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டது என்பது மட்டும் மறக்காது. சிறு வயதில் நாலு வருஷம் மிருதங்கம் கற்றுக்கொண்டு பாதியில் விட்டவன் நான். வித்தை ஒட்டவில்லை, தாளம் போடுகிற பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. டிவியில் விளம்பரம் ஓடினாலும் தொடையில் விரல் எண்ணிக்கொண்டிருக்கும். அதனால் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் மேடையைப் பார்ப்பதைவிட, பக்கத்தில் இருப்பவர்கள் எப்போது கைதட்டுகிறார்கள் என்று கவனிப்பதே வழக்கமாகிவிட்டது. இந்தப் பதிலும் அதைப் பற்றித்தான்.

சேப்பாக்கத்திலிருந்து தொடங்குகிறேன். 2025 மார்ச் 28, ஐபிஎல்லில் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஆட்டம். மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறும்போதே பெட்டி முழுக்க மஞ்சள். பெங்களூர் 196 அடித்தது. நம்மவர்கள் ஆரம்பத்திலேயே தடுமாறிவிட்டார்கள், பாதி ஆட்டத்துக்குள் முடிவு தெரிந்துவிட்டது. 16ஆவது ஓவரில் அஸ்வின் அவுட். உடனே எழுந்ததே ஒரு சத்தம்! ஒருவர் அவுட் ஆனதற்குச் சொந்த ஊர்க்காரர்கள் போடுகிற சத்தமா அது? அடுத்து தோனி இறங்குகிறார் என்பதுதான் காரணம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அஸ்வின் மேற்கு மாம்பலத்துப் பையன். டெஸ்டில் 537 விக்கெட் எடுத்தவர். மூன்று மாதம் முன்புதான் பிரிஸ்பேனில் தொடரின் நடுவில் ஓய்வை அறிவித்துவிட்டு வந்திருந்தார். பல வருஷம் கழித்து மஞ்சள் சட்டையில் வீடு திரும்பியவர் தலை குனிந்து வெளியே நடக்கிறார், அரங்கமே குதூகலிக்கிறது.

ஜடேஜா 2023லேயே இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். தோனிக்கு முன்னால் நான் இறங்கினால், நான் எப்போது அவுட் ஆவேன் என்று ரசிகர்கள் காத்திருக்கிறார்கள் என்ற பொருளில். சிரித்துக்கொண்டே சொன்னதால் யாருக்கும் உறைக்கவில்லை.

அன்றைக்கு ஒன்பதாவது ஆளாக இறங்கிய தோனி 16 பந்தில் 30 அடித்தார். கடைசி ஓவரில் இரண்டு சிக்ஸர். காது அடைத்துப்போகிற அளவுக்கு விசில். ஸ்கோர்போர்டைப் பார்த்தால் 50 ரன்னில் தோல்வி. 2008க்குப் பிறகு சேப்பாக்கத்தில் பெங்களூர் ஜெயித்தது அன்றுதான். அந்த வருஷம் சென்னை முதல்முறையாகப் பட்டியலில் கடைசி இடம் பிடித்தது. ஆனால் ரயிலில் திரும்பி வந்தவர்கள் முகத்தைப் பார்த்தால் யாரும் தோற்றவர்கள் மாதிரி இல்லை. என் பக்கத்தில் நின்ற பையன், "தல ரெண்டு சிக்ஸ் அடிச்சிட்டாரு அங்கிள், அது போதும்" என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கச்சேரியில் கடைசியில் வரும் சின்னப் பாட்டுகளான துக்கடாவுக்காக மட்டும் வருகிறவர்கள் இல்லையா? அவர்களும் டிக்கெட் வாங்கித்தான் வருகிறார்கள்.

இதே சேப்பாக்கத்தில் 1999 ஜனவரி 31 அன்று நானும் இருந்தேன். சச்சின் 136 அடித்தும் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோம். சில நொடி முழு அமைதி. அப்புறம் எங்கோ ஒரு மூலையில் கைதட்டல் ஆரம்பித்தது, மொத்த மைதானமும் எழுந்து நின்று தட்டியது. பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. எனக்குத் தெரிந்து சென்னைக் கூட்டம் மிகச் சரியான இடத்தில் கைதட்டியது அன்றுதான். பழைய கதை, கேள்விக்கு வெளியே போகிறது, சரி விடுங்கள்.

அமைதி என்றதும் அகமதாபாத் நினைவுக்கு வருகிறது. 2023 நவம்பர் 19, உலகக் கோப்பை இறுதி ஆட்டம். பெரிய கூட்டத்தை வாயடைக்கச் செய்வதைவிட மனநிறைவு வேறில்லை என்று முந்தின நாளே ஆஸ்திரேலிய கேப்டன் பேட் கம்மின்ஸ் சொல்லியிருந்தார். சொன்ன மாதிரியே கோலி 54ல் இருந்தபோது அவரே பந்து போட்டு, பந்து மட்டையில் பட்டு ஸ்டம்பில் விழுந்தது. தொண்ணூறாயிரம் பேருக்கு மேல் இருந்த இடம். டிவி கெட்டுவிட்டதோ என்று என் மனைவி ரிமோட்டை எடுத்து ஒலியைக் கூட்டினாள்.

2025 குடியரசு தினத்தன்று இங்கிலாந்தின் கோல்ட்பிளே குழுவின் கச்சேரியை அதே மைதானத்திலிருந்து ஹாட்ஸ்டாரில் நேரலையாகக் காட்டினார்கள். அந்தக் குழுவின் பாடல்கள் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை, மகள்தான் போட்டுவிட்டாள். பார்வையாளர் கையில் கட்டியிருந்த பட்டைகள் எல்லாம் தாளத்துக்கு ஏற்ப நிறம் மாறின. பும்ராவும் அன்று கூட்டத்தில் இருந்தார். குழுவின் பாடகர் கிறிஸ் மார்ட்டின் அவரைப் பார்த்து, எங்கள் இங்கிலாந்து விக்கெட்டுகளை நீ சாய்த்தது எங்களுக்குப் பிடிக்கவே இல்லை என்று அங்கேயே மெட்டுக் கட்டிப் பாடினார். கூட்டம் சேர்ந்து பாடியது. ஒன்றேகால் வருஷம் முன்பு மயான அமைதியில் இருந்த அதே நாற்காலிகள். எனக்குப் பாட்டைவிட அதுதான் புல்லரித்தது.

அதே ஜனவரியில் அவர்கள் நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானத்திலும் பாடினார்கள். நவம்பர் 2 அன்று நம் பெண்கள் உலகக் கோப்பையை ஜெயித்ததும் அங்கேதான். அந்த ஆட்டத்தில் ஷஃபாலியின் 87, தீப்தி சர்மாவின் ஐந்து விக்கெட் எல்லாம் நீங்கள் படித்திருப்பீர்கள். நான் இன்னும் மனதில் ஓட்டிப் பார்ப்பது ஒரு கேட்சைத்தான். நூறு தாண்டி நின்ற தென்னாப்பிரிக்காவின் வோல்வார்ட் தூக்கி அடித்த பந்து அமன்ஜோத் கையில் விழுந்தது, நழுவியது, மறுபடி பட்டது, மறுபடி நழுவியது, மூன்றாவது முறை தான் கையில் நின்றது. அதற்குள் கூட்டம் கத்தத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, மூச்சை இழுத்துப் பிடித்து, திரும்பக் கத்தியது. மிருதங்கத்தில் இதைச் சொல்கட்டாக, அதாவது வாயால் சொல்லும் தாளச் சொற்களாக, எழுதிவிடலாம். நடுவில் இரண்டு கார்வை, அதாவது இடைவெளி, விட்டு மூன்றாவதில் தீர்மானம் என்கிற முடிப்பு.

ஆங்கிலப் பாடகர் எட் ஷீரன் கச்சேரிக்கு 2025 பிப்ரவரி 5 அன்று மகள் என்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். மூன்று மணி நேரம் நின்றதில் முழங்கால் போய்விட்டது. ஆனால் ஒரு விஷயம் பிடித்திருந்தது. பல பாடல்களுக்கு அவருக்குப் பக்கவாத்தியம் கிடையாது. கிட்டாரின் உடம்பில் தட்டி ஒரு தாளம், அதைக் காலடியில் இருக்கும் லூப் கருவியில் அங்கேயே பதிவு செய்து ஓடவிடுகிறார். அதன் மேல் ஒரு நரம்பு இசை, அதன் மேல் குரல். பாட்டு நம் கண் எதிரே அடுக்கடுக்காகக் கட்டப்படுகிறது. இதற்குக் கைதட்டலாம் என்று நான் கையை எடுத்தேன், சுற்றி எல்லோர் கையிலும் போன். ஒரு கையால் எப்படித் தட்டுவது? அப்புறம் ரகுமான் மேடைக்கு வந்து, ஷீரனின் பாட்டோடு தன் 'ஊர்வசி'யைக் கலந்து பாடியபோதுதான் போன்கள் இறங்கின. 1994ல் வந்த பாட்டு அது. அப்போது பிறக்காத பிள்ளைகள் எல்லாம் வரி தவறாமல் பாடினார்கள். என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்பா, உங்களுக்கும் தெரியுமா?" என்றாளே பார்க்கலாம்!

ஒரு மாதம் கழித்து, மார்ச் 8, லண்டனில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி. ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தது, மிக்கேல் டாம்ஸ் நடத்தினார். என் அக்கா மகன் அங்கே வேலையில் இருக்கிறான், டிக்கெட் கிடைத்துப் போனான். இரவே கூப்பிட்டான். "மாமா, ஒரு தப்பு நடந்துபோச்சு. முதல் பகுதி முடிஞ்சதும் எல்லாரும் கைதட்டிட்டோம். பக்கத்துல இருந்த வெள்ளைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்."

மேற்கத்திய முறைப்படி நான்கு பகுதியும் முடிந்த பிறகுதான் தட்ட வேண்டும். ராஜாவே சென்னைக்குத் திரும்பியதும் இதைச் சொன்னார். விதி இப்படி, நம் ரசிகர்களோ ஒவ்வொரு பகுதி முடிந்ததும் உணர்ச்சியில் தட்டிவிட்டார்கள் என்று. சொன்னபோது அவர் முகத்தில் கோபம் இல்லை என்றுதான் எனக்குப் பட்டது. சமூக ஊடகத்தில் மட்டும், மானம் போச்சு என்று ஒரு கூட்டம் புலம்பியது.

எனக்கு இதில் கருத்து உண்டு. அந்த அமைதி விதி சிம்பொனியோடு கூடப் பிறந்ததில்லை. மோசார்ட் 1778ல் பாரிஸிலிருந்து அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், தன் சிம்பொனியின் முதல் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓரிடத்தில் கூட்டம் கைதட்டியதைப் பெருமையாகச் சொல்கிறார். இங்கே தட்டுவார்கள் என்று தெரிந்தே அந்த இடத்தை எழுதினாராம், கடைசியில் இன்னொரு முறை வரும்படியும் வைத்தாராம். 1813ல் வியன்னாவில் பீத்தோவனின் ஏழாவது சிம்பொனி முதல்முறை அரங்கேறியபோது இரண்டாவது பகுதியை அப்போதே திரும்ப வாசிக்க வைத்தார்கள். நம் ஊரில் 'ஒன்ஸ்மோர்' கேட்கிற மாதிரிதான். கைதட்டலைக் கடைசிவரை அடக்கி வைப்பது ரொம்பப் பின்னால் கெட்டிப்பட்ட பழக்கம். ஆகவே மருமகனிடம், "நீ மோசார்ட் காலத்து ரசிகன்டா, கவலைப்படாதே" என்றேன். அவனுக்குச் சமாதானம் ஆகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மோசார்ட் இல்லையே!

கைதட்டவே வழியில்லாத ஓர் இடமும் உண்டு. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சதுரங்கப் போட்டியின் பதினாலாவது ஆட்டம். நம் குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் கண்ணாடி அறைக்குள். ஆளுக்கு ஆறரைப் புள்ளி என்று சமமாக இருந்தார்கள். டிங் லிரென் 55ஆவது நகர்வில் யானையை தவறான கட்டத்தில் வைத்தார். வர்ணனையாளர்கள் கூவுகிறார்கள், யூடியூபில் லட்சக்கணக்கானவர்கள் கூவுகிறார்கள், அந்த அறைக்குள் ஒன்றும் கேட்காது. குகேஷ் பலகையைப் பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார். எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே காய்களை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் அடுக்கினார். பதினெட்டு வயது. அவர் காய் அடுக்கி முடிக்கும்வரை நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

மூன்றாம் நாள் இரவு தபலா மேதை ஜாகிர் உசேன் சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். மார்கழிக் கச்சேரிகள் அப்போதுதான் ஆரம்பித்திருந்தன. மறுநாள் மாலை நான் போயிருந்த சபாவில் ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். உட்கார்ந்த பிறகு மிருதங்கக்காரர் வலது பக்கமான வலந்தலையில் மெல்ல ஒரு தட்டுத் தட்டிச் சுருதி பார்த்தார். அந்த ஒரு நாதம்! விக்கு விநாயக்ராம் கடத்தோடு ஜாகிர் வாசித்த சக்தி குழுவின் கேசட் ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது, போட்டுக் கேட்கத்தான் டேப் ரிக்கார்டர் இல்லை.

கடைசியாக ஒன்று. போன மார்கழி, ஒரு சின்ன சபா, மதியம் இரண்டு மணி இலவசக் கச்சேரி. நாற்பது பேர் இருப்போம். பாடகியும் பக்கவாத்தியக்காரர்களும் இருபதுகளில். மிருதங்கம் ஒரு பெண். மெயின் உருப்படி முடிந்து, மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும், வழக்கம்போல் பாதிப்பேர் எழுந்தார்கள். தனி என்றால் கேன்டீன் என்று நம் ஊரில் எழுதப்படாத சட்டம். நானும் ஒரு காலத்தில் கீரைவடைக்காக எழுந்து போனவன்தான், யோக்கியன் இல்லை. நாற்காலிகள் மடங்கும் சத்தம் 'டப், டப்' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தப் பெண் ஒரு விநாடி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

எட்டு எண்ணிக்கை ஆதி தாளம், பாட்டு தொடங்கும் இடமான எடுப்பு அரை இடம் தள்ளி. மூன்று மூன்றாகப் போகும் திஸ்ரத்தில் போனாள், திரும்பினாள், மோரா என்கிற முத்தாய்ப்பு வைத்தாள். மோரா முடிந்ததும் மிச்சமிருந்தவர்களில் நாலைந்து பேர், முடிந்துவிட்டது என்று நினைத்துத் தட்டினார்கள். அவள் லேசாகச் சிரித்துவிட்டு, தனியை முடித்துவைக்கும் கோர்வையை எடுத்தாள். ஒருமுறை, இரண்டுமுறை. கணக்கு எனக்குப் பிடிபடவில்லை, எட்டுக்குள் எங்கேயோ ஐந்தும் ஏழும் ஒளிந்திருந்தன. மூன்றாவது முறை கச்சிதமாக எடுப்பில் வந்து விழ, பாடகி வரியைப் பிடித்தாள். இப்போது எல்லோரும் சரியாகத் தட்டினார்கள்.

என்னைத் தவிர. என் வலது கை தொடையில் இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, ஆவர்த்தனத்தை முடிக்காமல் எடுக்க அதற்கு மனசில்லை. அந்தச் சுற்று முடிந்து நான் கைதட்டியபோது மற்றவர்கள் ஓய்ந்துவிட்டார்கள். சபாவில் என் கைதட்டல் மட்டும் தனியாகக் கேட்டது. முன்வரிசை மாமா ஒருவர், தாளம் தெரியாதவன் என்று நினைத்திருப்பார், முறைத்துப் பார்த்தார். அந்தப் பெண் மிருதங்கத்தின் மேல் கையை வைத்தபடி சத்தம் வந்த திசையைப் பார்த்து தலையை ஆட்டினாள்.