மனதுக்குள் நடப்பதை எப்படிப் படமாக்குவது? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: நான் பலமுறை படித்த ஓர் ஆன்மிக நாவலைப் படமாக எடுத்திருக்கிறார்கள். கதையில் கை வைக்கவில்லை, வசனம்கூடப் பெரும்பாலும் நாவலில் உள்ளதுதான். ஆனாலும் மனதில் ஒட்டவே இல்லை. ஏன்?

பதில்: கதையில் கை வைக்காததேகூடக் காரணமாக இருக்கலாம். இந்த மாதிரி நாவல்களில் கதை மெலிந்ததாகத்தான் இருக்கும். ஒருவன் வீட்டை விட்டுப் போகிறான், யாரையோ சந்திக்கிறான், திரும்பி வருகிறான், அவ்வளவுதான். நம்மைப் பிடித்து வைப்பது அவன் மனதுக்குள் நடக்கிற மாற்றம். அதை எழுத்தாளர் பத்துப் பக்கம் நின்று நிதானமாகச் சொல்லியிருப்பார், நாமும் நடுவில் புத்தகத்தை மூடிவிட்டு யோசித்திருப்போம், மறுநாள் அதே பக்கத்தைத் திரும்பவும் படித்திருப்போம். திரையரங்கில் அந்த நிறுத்தத்துக்கு இடமில்லை. சம்பவங்களை மட்டும் வரிசையாக எடுத்து வைத்தால் எலும்புக்கூடுதான் மிஞ்சும்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெர்னானோஸ் 1936-இல் எழுதிய 'கிராமத்துப் பாதிரியாரின் நாட்குறிப்பு' நாவலை இயக்குநர் ராபர்ட் பிரெஸ்ஸோன் 1951-இல் படமாக எடுத்த விதத்தைப் பாருங்கள். பாதிரியாரின் கை தாளில் எழுதுகிறது, எழுதியதைக் குரல் வாசிக்கிறது, சில இடங்களில் அதே விஷயம் காட்சியாகவும் நடக்கிறது. ஒரே செய்தி இரண்டு மூன்று தடவை! திரைக்கதை வகுப்பில் இதை முதல் நாளே வெட்டச் சொல்வார்கள். ஆனால் அந்தத் திரும்பச் சொல்லலில்தான் வாசகனுக்குப் புத்தகத்தில் கிடைத்த அவகாசம் பார்வையாளனுக்கும் கிடைக்கிறது. கடைசியில் பாதிரியார் இறப்பதைக்கூட பிரெஸ்ஸோன் காட்டவில்லை. நண்பன் எழுதிய கடிதம் ஒலிக்கிறது, திரையில் ஒரு சிலுவை மட்டும் நிற்கிறது. நாவலின் வரிகளை அவ்வளவு மதித்தவர் எதைக் காட்டக்கூடாது என்பதிலும் அதே அளவு பிடிவாதமாக இருந்தார். நீங்கள் பார்த்த படத்தில் இந்தப் பிடிவாதம் இல்லாமல் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: நாவலின் முடிவை மாற்ற இயக்குநருக்கு என்ன உரிமை இருக்கிறது? எழுதியவர் மனம் புண்படாதா?

பதில்: புண்படும். ஆர்.கே.நாராயணன் புண்பட்டார், அதைக் கட்டுரையாகவே எழுதினார். அவருடைய 'தி கைடு' 1958-இல் வந்தது, விஜய் ஆனந்த் இயக்கத்தில் தேவ் ஆனந்த் நடித்த இந்திப் படம் 1965-இல். ராஜு சிறையிலிருந்து வந்த ஆள், ஊர்க்காரர்கள் அவனைச் சாமியார் என்று நம்பிவிடுகிறார்கள், மழைக்காக உண்ணாவிரதம் இருக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறான். நாவலின் கடைசியில் அவன், 'மலைகளில் மழை பெய்கிறது, அது என் கால்களில் ஏறி வருகிறது' என்று சொல்லிவிட்டுச் சரிகிறான். உண்மையில் மழை வந்ததா, அவன் செத்தானா, நாராயணன் சொல்லவே மாட்டார். படத்தில் மழை கொட்டுகிறது, ஜனங்கள் கூத்தாடுகிறார்கள், ராஜு இறந்துபோகிறான்.

மழை வந்ததைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இடம். உண்ணாவிரதத்தின் நடுவில் ஒரு நாள், சாப்பாட்டு நினைப்போடு மல்லாடிக்கொண்டிருந்த ராஜு, மரம் செழிக்கவும் புல் வளரவும் இது உதவும் என்றால் ஏன் முழுசாகவே செய்யக்கூடாது என்று நினைக்கிறான். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, பணத்துக்கோ பெண்ணுக்கோ இல்லாமல், ஒரு காரியத்தை உண்மையாகச் செய்கிறான். நாவலின் திருப்பம் இதுதான், அது நாலைந்து வரியில் முடிந்துவிடுகிறது. அதைப் படமாக்க விஜய் ஆனந்த் இரண்டு ராஜுக்களை எதிரெதிரே நிறுத்திப் பேசவிட்டார், ஒருவன் உடம்புக்காகக் கெஞ்சுகிறான், இன்னொருவன் நிமிர்ந்து நிற்கிறான். நாவலின் மென்மை இதில் இல்லை என்பது உண்மை. ஆனால் மனமாற்றத்தைக் காட்டியே தீருவேன் என்று முயன்றிருக்கிறார், அதற்கு நான் தலைவணங்குகிறேன். மழையைப் பொறுத்தவரை என் ஓட்டு நாராயணனுக்கே. அந்தச் சந்தேகத்தோடு புத்தகத்தை மூடுவதில்தான் வாசகனுக்கு வேலை இருக்கிறது. மழையைக் கொட்டவிட்டால் நாம் நம்பினோமா இல்லையா என்கிற கேள்வியே எழுவதில்லை.

உரிமை பற்றிக் கேட்டீர்கள் இல்லையா? ஒப்பந்தத்தில் எழுத்தாளர் எதற்குக் கையெழுத்துப் போட்டாரோ அதுதான் சட்டப்படி உரிமை. அதற்கு மேல் இருப்பது இயக்குநரின் மனசாட்சி.

கேள்வி: தியானத்தில் கிடைக்கும் அனுபவத்தை கிராஃபிக்ஸில் காட்டலாமா?

பதில்: வேண்டாம் என்பேன். 'தி செலஸ்டைன் பிராஃபெஸி' 1993-இல் வந்து கோடிக்கணக்கில் விற்ற ஆன்மிக நாவல். 2006-இல் படமானபோது எழுதிய ஜேம்ஸ் ரெட்ஃபீல்டே திரைக்கதையிலும் தயாரிப்பிலும் இருந்தார், இருந்தும் படம் எடுபடவில்லை. வாசகன் படிக்கும்போது தன் உடம்பில் உணர்ந்த ஒன்று, திரையில் வெளிச்சமாக வரும்போது வெறும் வெளிச்சமாகத்தான் தெரியும். அனுபவத்தைக் காட்டுவதைவிட அனுபவம் வந்த பிறகு அந்த மனிதன் என்ன செய்கிறான் என்று காட்டலாம். நேற்றுவரை பேசாத தம்பியிடம் இன்று போய்ப் பேசுகிறான் என்றால் நமக்குப் புரிந்துவிடும்.

கேள்வி: விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்ட ஓர் ஆன்மிகப் படத்தைப் பார்த்து என் அம்மா அழுதுவிட்டார். யார் சொல்வது சரி?

பதில்: அம்மா அழுததைத் தப்பென்று சொல்ல எந்த விமர்சகராலும் முடியாது. 'தி ஷேக்' (The Shack) என்று ஒரு படம் 2017-இல் வந்தது, மகளைப் பறிகொடுத்த அப்பா கடவுளைச் சந்திக்கும் கதை, 2007-இல் வெளியான நாவல்தான் மூலம். விமர்சகர்களில் பெரும்பாலோர் நிராகரித்தார்கள், கடவுளைப் பெண்ணாகக் காட்டியதற்காகத் திருச்சபை வட்டாரங்களில் சிலருக்குக் கோபம். ஆனாலும் உலக அளவில் சுமார் 9.7 கோடி டாலர் வசூலித்தது. பிள்ளையை இழந்த ஒருவர் அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தால் அவர் பார்த்த படமே வேறு. அதே சமயம் விமர்சகர் கேட்கும் கேள்வியும் நியாயமானது, இந்தத் துக்கம் இல்லாதவனையும் படம் தொடுகிறதா என்றுதான் அவர் பார்க்கிறார்.

மறுபக்கத்தையும் பாருங்கள். ஜப்பானிய எழுத்தாளர் ஷூசாக்கு எண்டோவின் 'மௌனம்' 1966-இல் வந்த நாவல். மார்ட்டின் ஸ்கார்செஸி இருபது வருஷத்துக்கு மேல் அதை மனதில் சுமந்து 2016-இல் படமாக்கினார், விமர்சகர்கள் பலரும் பாராட்டினார்கள், ஆனால் போட்ட பணம் திரும்பவில்லை. நம்பிக்கையாளர்களிலேயே ஒரு பகுதியினருக்கு அது சங்கடமாக இருந்தது. பிறர் உயிரைக் காப்பாற்ற ஒரு பாதிரியார் கிறிஸ்துவின் உருவத்தை மிதிக்கும் கதையில் சங்கடப்படாமல் எப்படி? ஆறுதல் தேடி வருபவரும் கேள்வியோடு வருபவரும் ஒரே டிக்கெட்டை வாங்கிக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள்.

கேள்வி: பக்திக் காட்சி என்றாலே புல்லாங்குழலும் கோரஸும்தானா?

பதில்: கட்டாயமில்லை. மேலே சொன்ன 'மௌனம்' படத்தில் பின்னணி இசை இருப்பதே தெரியாது. பூச்சிகளின் இரைச்சல், கடல், காற்று, அவ்வளவுதான்.

கேள்வி: எனக்குப் பிடித்த நாவலின் ஒரு பகுதியைக் குறும்படமாக எடுக்க ஆசை. எங்கே ஆரம்பிக்கலாம்?

பதில்: முதலில் எழுத்தாளரிடமோ வாரிசுகளிடமோ எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்குங்கள், வாய்வார்த்தை போதாது. அப்புறம் அந்தப் பகுதியை எடுத்துக்கொண்டு 'நினைத்தான்', 'உணர்ந்தான்', 'தெளிந்தான்' என்று வருகிற வாக்கியங்களை எல்லாம் பென்சிலால் கோடிடுங்கள். மீதி இருப்பதில் கண்ணால் பார்க்கவும் காதால் கேட்கவும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றுமே இல்லை என்றால் அந்தப் பகுதி வேண்டாம், வேறு பகுதியைத் தேடுங்கள். இருக்கிறது என்றால் கோடிட்ட ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அந்த ஆள் செய்யக்கூடிய ஒரு காரியத்தை எதிரே எழுதிப் பாருங்கள். எழுதியதை நாவலைப் படிக்காத ஒரு நண்பரிடம் கொடுத்து, இவனுக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லும் வரைக்கும் கேமராவை வாடகைக்கு எடுக்க வேண்டாம்.