சிக்னல் இல்லாத மேட்டில் கொழுந்து எடை போடும் செயலி

கேள்வி: கோத்தகிரி பக்கத்தில் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தொழிற்சாலைக்கு அனுப்பும் குடும்பம் எங்களுடையது. நோட்டுக்குப் பதிலாக, செயலி உருவாக்க உதவும் ஃப்ளட்டர் என்ற கருவியில் ஒரு செயலி செய்தேன். டவுனில் நன்றாக ஓடுகிறது. எடை போடும் மேட்டில் ‘சேமி’ பொத்தானை அழுத்தினால் சுற்றிக்கொண்டே நிற்கிறது. சிலர் கணக்கில் ஒரே எடை இரண்டு முறை ஏறிவிடுகிறது. கொட்டகைக்கு ஒரு டேப்லட்டும் வாங்கியிருக்கிறோம். என்ன மாற்ற வேண்டும்? – ஒரு வாசகி

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைகளுக்கும் வேர் ஒன்றுதான். பொத்தானை அழுத்தியதும் உங்கள் செயலி நேராக சர்வரைத் தேடிப் போகிறது. பதில் வந்த பிறகே சேமித்ததாகக் காட்டுகிறது. மேட்டில் சில நேரம் எடை போய்ச் சேர்ந்திருக்கும், பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கும். நீங்கள் மறுபடி அழுத்துவீர்கள். அதே 18 கிலோ இரண்டாம் முறை ஏறும்.

முதலில் எழுத வேண்டியது போனுக்குள். எஸ்.க்யூ.லைட் என்ற சிறு தரவுத்தளத்தை ஃப்ளட்டரிலும் பயன்படுத்தலாம். எடை அதில் பதிந்த நொடியே திரையில் ‘பதிந்தது’ என்று வரட்டும். சர்வருக்கு அனுப்புவது தனி வேலை. சிக்னல் கிடைக்கும்போது பின்னணியில் நடந்தால் போதும்; ஆண்ட்ராய்டில் அதற்கு ஒர்க்மேனேஜர் என்ற வசதி இருக்கிறது. ஆனால் பேட்டரியை மிச்சப்படுத்த போன் அந்த வேலையைத் தள்ளிப்போடும். எனவே ‘அனுப்பாதவை: 14’ என்று முகப்பிலேயே தெரிய வேண்டும். சர்வர் பெற்றுக்கொண்டதாகச் சொல்லும்வரை போனில் இருப்பதை அழிக்கவே கூடாது.

இரட்டைப் பதிவுக்கு மருந்து அடையாள எண். 1, 2, 3 என்று வரிசை எண் கொடுக்காதீர்கள். கூடலூர் பக்கம் ஒரு கொள்முதல் இடத்துக்கு நான் செய்து கொடுத்த செயலியில் இரண்டு போன்களும் தனித்தனியே 101 என்ற எண்ணைப் போட்டுவிட்டன. ஒருவருடைய இலை இன்னொருவர் கணக்கில் விழுந்தது. மாதக் கடைசியில் அந்தப் பெரியவர் தம் பழைய துண்டுச்சீட்டுகளோடு வந்து நின்றது இன்றும் கண்ணில் நிற்கிறது. பதியும் கணத்திலேயே போன் தானாக உருவாக்கும் யூயூஐடி எனப்படும் 128 பிட் எண்ணை வையுங்கள். அதே எண் மறுபடி வந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும்படி சர்வரை அமையுங்கள்.

எடையைத் திருத்த வேண்டுமா? பழைய வரியை மாற்றாமல் ‘கழித்தது 2 கிலோ’ என்று புது வரி எழுதுங்கள். மழை நாளில் ஈரத்துக்காகக் கழிக்கும் கிலோவும் தனிக் கட்டத்தில் தெரியட்டும். விவசாயிக்கும் உங்களுக்கும் இடையே சண்டை வருவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். எடையைக் கிராமில், முழு எண்ணாகச் சேமியுங்கள். தசமப் புள்ளிக் கணக்கில் சிறு பிசகுகள் சேரும். ரூபாயை எடை போடும்போது எழுத வேண்டாம். பச்சை இலைக்கு மாதந்தோறும் விலை நிர்ணயமாவதால், விலை வந்த பிறகு பெருக்கினால் போதும்.

இனித் திரை. தொடுதிரை விரலின் மின்தன்மையை உணர்ந்து வேலை செய்வது. மழைத்துளி விழுந்தால் அது தடுமாறும், சாதாரணக் கையுறையோடு தொட்டால் அசையாது. கூகுள் பரிந்துரைக்கும் குறைந்தபட்சத் தொடு அளவு 48 டிபி (எந்தத் திரையிலும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும் நீள அலகு); ஈரக்கைக்கு அது போதாது என்பது என் கருத்து. எண் விசைகளை 72 டிபிக்குக் குறையாமல் வைத்து, ‘அழி’யையும் ‘சேமி’யையும் எதிரெதிர் ஓரத்தில் போடுங்கள். வெளிர்சாம்பல் எழுத்தைத் தவிருங்கள். வெயிலில் அது மறைந்துவிடும்.

பொத்தான்களுக்கு அகலத்தைக் கட்டிவைக்காதீர்கள், தமிழ்ச்சொல் நீளும். வரி உயரம் இறுக்கமாக இருந்தால் ‘கி’யின் கொக்கியும் ‘ரூ’வின் அடியும் வெட்டுப்படும். ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள் என்பதால் பெயரோடு தந்தை பெயரின் முதலெழுத்தையும் ஹட்டியையும் (ஊரையும்) சேர்த்துக் காட்டுங்கள்.

டேப்லட்டில் போன் திரையை இழுத்துப் பெரிதாக்குவது வீண். அகலம் 600 டிபியைத் தாண்டினால் இடப்பக்கம் விவசாயிகள் பட்டியல், வலப்பக்கம் அவர் கணக்கு என்று இரண்டாகப் பிரியுங்கள். நிமிர்த்தினாலும் சாய்த்தாலும் தட்டச்சு செய்த எடை மறையக் கூடாது.

விவசாயி கையில் சீட்டு போக வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். விலை குறைந்த ப்ளூடூத் தெர்மல் பிரிண்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது. எழுத்தாக அனுப்பினால் குப்பைக் குறிகள் வரும். சீட்டைப் படமாக வரைந்து அனுப்புங்கள்.

பிளே ஸ்டோரில் பதிவுக் கட்டணம் ஒரே முறை 25 டாலர். புதிய தனிநபர் கணக்கென்றால், வெளியிட விண்ணப்பிக்கும் முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். ஊரிலேயே ஆள் கிடைப்பார்கள். ஐபோனுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். உங்கள் மேட்டுக்கு அது இப்போது தேவையில்லை.

அந்த 14 நாளும் நோட்டை மூடிவிடாதீர்கள். காலையில் போனை விமானப் பயன்முறையில் போட்டு, நாள் முழுக்க எடை போட்டு, மாலையில் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்து அந்தப் பயன்முறையை எடுத்துவிடுங்கள். நோட்டின் மொத்தமும் சர்வரின் மொத்தமும் எந்த நாளில் பிசகுகிறதோ, அந்த நாளின் வரிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு எனக்கு எழுதுங்கள்.