கிராமங்களை அரசு ஏன் கண்டுகொள்வதில்லை? நல்ல தலைவர் வந்தால் மாறுமா?

பணம் இல்லை என்பது பாதிக் காரணம்தான். முடிவெடுக்கும் இடம் ஊரைவிட்டு வெகு தொலைவில் இருப்பதே பெரிய சிக்கல். 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் குடிநீர், சாலை, தொடக்கக் கல்வி உட்பட 29 துறைகளைப் பட்டியலிட்டது. ஆனால் அவற்றில் எதை, எவ்வளவு ஊராட்சிகளுக்குத் தருவது என்பதை மாநிலங்களிடமே விட்டுவிட்டது. பல மாநிலங்கள் பொறுப்பைத் தந்தன. போதிய நிதியும் ஊழியர்களும் தரவில்லை. கேரளம் மட்டும் 1996இல் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கத் துணிந்தது.

சரி, தலைவர்? அடிபம்பு பழுதானால் எந்த நிதியிலிருந்து, யாரைக் கொண்டு சரிசெய்வது என்று தெரிந்தவர் வேண்டும். வரவு செலவைக் கிராம சபையில் வாசிக்கத் தயங்காதவர் வேண்டும். அப்படிப்பட்டவர் கிடைத்தாலும், கையில் நிதி இல்லாவிட்டால் மனுதான் எழுத முடியும். சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம், ஊராட்சிக்குப் போதிய நிதி தருவீர்களா என்று முதலில் கேளுங்கள்.