முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கட்டற்ற மென்பொருளைப் பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைப் படித்த தைரியத்தில்தான் முதன்முறையாக ஒரு திட்டத்துக்குப் பங்களிக்க முன்வந்தேன். நான் நிரலாளராக வேலைக்குச் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நிரல்களின் அமைப்புகளைக் குறித்துவைக்கும் கான்ஃபிக் கோப்புகளை வாசிக்கும் ஒரு சிறிய சி மொழி லைப்ரரியை வேலையில் பயன்படுத்துகிறோம். சில எடிட்டர்களில் சேமித்த கோப்புகளைக் கொடுத்தால் அவற்றின் முதல் வரியை அது புரிந்துகொள்வதில்லை. இரண்டு வார இறுதிகளைச் செலவிட்டு அதைச் சரிசெய்து, என் மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளும்படி அதன் பராமரிப்பாளருக்குப் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினேன். ஏழு வாரங்கள் பதிலே இல்லை. “உங்களுக்கு நேரமில்லை என்றால் நேரமுள்ள ஒருவரிடம் ஒப்படைத்துவிடலாமே” என்று எழுதினேன். மறுநாளே பதில் வந்தது: “இவ்வளவு மாற்றங்களை என்னால் பராமரிக்க இயலாது. மூடுகிறேன்.”

பங்களிக்க வாருங்கள் என்று அழைத்துவிட்டு, வந்தவனை வாசலிலேயே திருப்பி அனுப்புவதற்குப் பெயர் திறந்த மூலமா? நான் இலவசமாகச் செய்து கொடுத்த வேலையை வாங்கிக்கொள்வதில் அவருக்கு என்ன கஷ்டம்? என் புல் ரிக்வெஸ்ட்டின் இணைப்பை அனுப்பியிருக்கிறேன். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

ர.

அன்புள்ள ர.,

பார்த்தேன். மொத்தம் 312 வரிகள் மாறியிருக்கின்றன. அவற்றில் வழுவைத் திருத்துபவை ஒன்பது. எஞ்சியவற்றில் பெரும்பகுதி, டேப் இருந்த இடங்களில் நான்கு இடைவெளிகளாக மாறியவை. கோப்பைச் சேமிக்கும்போது உங்கள் எடிட்டர் தன்போக்கில் செய்த வேலையாக இருக்க வேண்டும். போகிற போக்கில் இரண்டு ஃபங்ஷன்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறீர்கள். புதிய பெயர்கள் பழையவற்றைவிட நன்றாகவே இருக்கின்றன, ஆனால் அவற்றில் ஒன்று வெளியே இருப்பவர்கள் அழைக்கும் ஃபங்ஷன் என்பதால், அந்த லைப்ரரியை நம்பி எழுதப்பட்ட மற்ற நிரல்கள் அடுத்த பதிப்பில் கம்பைல் ஆகாமல் நின்றுவிடும்.

இப்போது அந்தப் பராமரிப்பாளரின் திரையை எண்ணிப் பாருங்கள். பகல் முழுவதும் வேறு எங்கோ சம்பளத்துக்கு உழைத்துவிட்டு, இரவில் அரைமணி நேரம் இதற்கென்று ஒதுக்கி உட்காருகிறார். சிவப்பும் பச்சையுமாக 312 வரிகள் விரிகின்றன. எந்த ஒன்பது முக்கியம் என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. மற்றவை வெறும் இடைவெளிகள்தான் என்று நீங்கள் சத்தியம் செய்தாலும் அவர் ஒவ்வொரு வரியையும் படித்தே ஆகவேண்டும், ஏனென்றால் படிக்காமல் ஏற்றுக்கொண்டதில் ஏதேனும் நேர்ந்தால் உலகம் கேட்கப்போவது அவரைத்தான், உங்களை அல்ல. நீங்கள் அவருக்கு வேலையைச் செய்து கொடுத்ததாக நினைக்கிறீர்கள். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நீங்கள் அவருக்கு ஒரு வேலையைக் கொடுத்திருக்கிறீர்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். பல ஆண்டுகளுக்கு முன் அட்டவணைக் கோப்புகளை வாசிக்கும் ஒரு சின்ன லைப்ரரியை எழுதி வெளியிட்டிருந்தேன். யாரோ ஒருவர், காற்புள்ளிக்குப் பதிலாக அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்ட கோப்புகளையும் அது தானாகவே அடையாளம் கண்டு வாசிக்கும்படி நாற்பது வரிகள் எழுதி அனுப்பினார். அழகான நிரல். யாரோ என் நிரலைப் பயன்படுத்துகிறார்கள் என்ற மகிழ்ச்சியில் அன்றிரவே சேர்த்துக்கொண்டேன். எண்களில் தசமப் புள்ளிக்குக் காற்புள்ளி இடும் வழக்கம் உலகின் பல நாடுகளில் உண்டு என்பதும், அந்தக் கோப்புகளில் இந்தத் தானியங்கி ஊகம் எண்களை இரண்டு துண்டாக வெட்டிவிடும் என்பதும் ஓராண்டுக்குப் பிறகு வந்த முதல் புகாரில்தான் எனக்குத் தெரிந்தது. எழுதியவருக்கு மடல் அனுப்பினேன், பதில் இல்லை. அவர் வேலை மாறியிருக்கலாம், ஆர்வம் மாறியிருக்கலாம், அது அவர் உரிமை. ஆனால் அந்த நாற்பது வரிகள் என்னிடமே தங்கிவிட்டன. அவற்றை நீக்கினால் அவற்றை நம்பியிருப்பவர்கள் திட்டுவார்கள், வைத்திருந்தால் மற்றவர்கள் திட்டுவார்கள். கடைசியில் இரண்டு தரப்பிடமும் வாங்கிக்கட்டிக்கொண்டேன். புகார் எழுதிய ஒருவருக்கு நான் அனுப்பிய எரிச்சலான பதில் இன்னமும் இணையத்தில் கிடக்கிறது. அதைப் படிக்க நேரும்போதெல்லாம் கூச்சமாக இருக்கும்.

என் அனுபவம் சிறியது. இதுவே பெரிய அளவில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது. இணையத் தொடர்புகளை மறையாக்கிக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரிக்கு ஒரு புதிய வசதி, நல்லெண்ணத்துடன் ஒருவர் எழுதியது, வெளியிலிருந்து வந்தது. அதை ஒருவர் படித்துப் பார்த்து ஏற்றுக்கொள்ள, 2011 டிசம்பர் 31 அன்று மூலநிரலில் சேர்ந்து, 2012 மார்ச்சில் 1.0.1 பதிப்புடன் உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரு முனை சில பைட்களை அனுப்பி, “நான் அனுப்பியது இத்தனை பைட், அப்படியே திருப்பி அனுப்பு” என்று கேட்கும் ஏற்பாடு அது. சொல்லப்பட்ட எண்ணிக்கையும் உண்மையில் வந்து சேர்ந்ததும் ஒன்றுதானா என்று சரிபார்க்கும் வரி மட்டும் விடுபட்டுவிட்டது. ஒரே ஒரு பைட்டை அனுப்பிவிட்டு 64 கிலோபைட் வரை திருப்பிக் கேட்டால், சர்வர் தன் நினைவகத்தில் அக்கம்பக்கத்தில் கிடந்தவற்றை எல்லாம், கடவுச்சொல்லாக இருந்தாலும் ரகசியச் சாவியாக இருந்தாலும், வாரிக் கொடுத்துவிடும். எழுதியவர் கண்ணிலும் படவில்லை, படித்தவர் கண்ணிலும் படவில்லை. 2014 ஏப்ரல்வரை வெளியே யாரும் சொல்லவும் இல்லை. அப்போது இணையத்தின் பாதுகாப்பில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொண்டிருந்த அந்தத் திட்டத்துக்கு ஓர் ஆண்டில் வந்துகொண்டிருந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். முழுநேரமாக உழைத்தவர் ஒருவர். இலவசமாக வந்த நிரலை வாங்கிக்கொள்வதில் என்ன கஷ்டம் என்று கேட்டீர்கள். கஷ்டம் இதுதான்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் திடுக்கிட வைத்தது வேறொரு வரி. “நேரமுள்ள ஒருவரிடம் ஒப்படைத்துவிடலாமே” என்று எழுதினீர்கள் அல்லவா, அந்த வரி. நீங்கள் அதைக் கள்ளமில்லாமல்தான் எழுதினீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பராமரிப்பாளர்கள் அந்த வாக்கியத்தை இன்று எந்தக் காதால் கேட்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எக்ஸ்-இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியை லாஸ்ஸே கொல்லின் என்பவர் பல ஆண்டுகளாக ஏறத்தாழத் தனியாளாகப் பராமரித்து வந்தார். லினக்ஸ் இயங்கும் கணினிகளில் அது இல்லாத இடம் அபூர்வம். 2022இல், அதற்கு முன் எங்கும் தென்படாத சில பெயர்களிலிருந்து அவருக்கு மடல்கள் வரத் தொடங்கின. மற்றவர்கள் அனுப்பிய பேட்ச்கள், அதாவது திருத்தங்கள், தேங்கிக் கிடக்கின்றன, உங்களுக்கு ஆர்வம் போய்விட்டது, வேறொருவரைப் பராமரிப்பாளராக்குங்கள் என்று ஒன்று மாற்றி ஒன்றாக நச்சரித்தன. நீண்டநாள் மனநலச் சிக்கல்களால் தன்னால் முன்போல் கவனம் செலுத்த முடியவில்லை என்றும், இது ஊதியமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதை நினைவில் கொள்ளுங்கள் என்றும் அவர் பொதுவிலேயே பதில் எழுதினார். அதை எழுத ஒரு மனிதர் எவ்வளவு களைத்திருக்க வேண்டும்! நல்ல வேளையாக உதவிக்கு ஒருவர் இருந்தார். ஜியா டான் என்ற பெயரில் 2021 முதல் பொறுமையாக, பணிவாக, ஒழுங்கான பேட்ச்களை அனுப்பிக்கொண்டிருந்தவர். படிப்படியாக அவர் கைக்கு அதிகாரம் போயிற்று. 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சேவையைத் திறந்துவிடும் ஒரு கள்ளக் கதவு ஒளிந்திருந்தது. சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் கிடந்த பைனரிகளுக்குள் அது மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அதைப் பிரித்தெடுத்து நிரலில் சேர்க்கும் வரியோ எல்லோரும் பார்க்கும் மூலநிரலில் இல்லாமல், பொதிந்து வெளியிட்ட தொகுப்பில் மட்டும் இருந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர்களில் ஒருவரான ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட். அவர் ஒன்றும் கள்ளக் கதவைத் தேடிப் போகவில்லை. வேறு ஏதோ வேகச் சோதனை செய்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச் வழியாக நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகப் பிடிப்பது அவருக்கு உறுத்தியது. அந்த உறுத்தலை அவர் விடவில்லை. 2024 மார்ச் 29 அன்று அவர் பொதுவில் எழுதியபோது, அந்தப் பதிப்புகள் பெரும்பாலான நிலையான லினக்ஸ் வெளியீடுகளுக்கு இன்னும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. பிறகு கள்ள நிரலை அகற்றி, மே மாதம் 5.6.2 பதிப்பை வெளியிட்டவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே கொல்லின்தான்.

ஆகவே உங்கள் பராமரிப்பாளர் ஏழு வாரம் பேசாமல் இருந்துவிட்டு அந்த ஒரு வரிக்கு மட்டும் மறுநாளே பதில் சொன்னதில் எனக்கு வியப்பில்லை.

திறந்த மூலம் என்ற சொல்லை நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். உரிமத்தை எடுத்துப் படியுங்கள். எம்ஐடி உரிமம் என்றால் ஒரு பக்கம்கூட வராது. பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம் என்று அடுக்கிக்கொண்டே போய், “உள்ளது உள்ளபடி” தருகிறேன், எந்த உத்தரவாதமும் இல்லை என்று முடியும். எழுதியவர் உங்கள் பேட்சைப் படிப்பார் என்று அதில் எங்கும் சொல்லப்படவில்லை. எஸ்க்யூலைட் தரவுத்தளத்தைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டு முதல் இருக்கிறது, ஏறக்குறைய எல்லாத் திறன்பேசிகளிலும் இருக்கிறது, அதன் மூலநிரல் யாருக்கும் உரிமையில்லாத பொதுவுடைமை. ஆனால் வெளியாரின் பேட்ச்களை அவர்கள் ஏற்பதில்லை என்று தங்கள் தளத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கூடவே 2050வரை அதைப் பராமரிக்கத் திட்டமிட்டிருப்பதாகவும் சொல்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் முதலாவது எனக்குச் செருக்காகத் தெரியவில்லை.

உங்களுக்கு உரிமையாகக் கிடைத்திருப்பது வேறொன்று. பிரதியெடுத்துக்கொண்டு தனியே போகலாம். அப்படிப் பிரிவதைத்தான் ஃபோர்க் என்கிறார்கள், அதற்குச் சண்டை என்று பொருளில்லை. மூலநிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலரின் வளர்ச்சி மந்தமாக இருப்பதாகக் கருதியவர்கள் 1997இல் பிரிந்துபோய் ஈஜிசிஎஸ் என்று தனியே வளர்த்தார்கள். 1999இல் அந்தப் பிரிந்த கிளையே அதிகாரபூர்வ ஜிசிசி ஆகிவிட்டது. பிரிந்தவர்கள் தங்கள் பொறுப்பில் அதை நடத்திக் காட்டியதால் வந்த முடிவு அது. உங்கள் 312 வரிகளோடு நீங்களும் போகலாம், யாரும் தடுக்க முடியாது. போவீர்களா? அடுத்த பதிப்பு, அதற்கடுத்த பதிப்பு, புகார்கள், பாதுகாப்பு அறிவிப்புகள் எல்லாவற்றையும் நீங்கள் பார்த்துக்கொள்வீர்களா? மாட்டேன் என்றால், அதையே அவர் மட்டும் ஏன் உங்களுக்காகச் செய்ய வேண்டும்?

உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. ஏழு வார மௌனத்துக்குப் பதில், “தற்போது புதிய மாற்றங்களைப் பார்க்க இயலாத நிலையில் இருக்கிறேன்” என்று திட்டத்தின் முகப்பில் ஒரு வரி இருந்திருந்தால் உங்கள் இரண்டு வார இறுதிகள் மிஞ்சியிருக்கும். சுடுசொல்லைத் திறமையின் அடையாளமாகக் கொண்டாடிய ஒரு காலமும் இந்த உலகில் இருந்தது. எனக்கு அதில் என்றும் உடன்பாடில்லை. 2018இல் லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸே தன் மடல்களின் கடுமைக்காக வருத்தம் தெரிவித்துச் சில வாரங்கள் ஒதுங்கி இருந்துவிட்டுத்தான் திரும்பினார். ஆனால் உங்களுக்கு வந்த இரண்டு வாக்கியங்களில் சுடுசொல் ஏதும் இல்லை. சுருக்கமாக இருந்தன, உண்மையாகவும் இருந்தன. அந்த லைப்ரரியைப் பயன்படுத்தும் உங்கள் நிறுவனம் அவருக்கு இதுவரை ஏதேனும் கொடுத்திருக்கிறதா என்று கேட்க நினைத்தேன். அது உங்கள் கையில் இல்லை என்பதால் விடுகிறேன்.

இனி அந்த ஒன்பது வரிகள். சில எடிட்டர்கள் யூடிஎஃப்-8 கோப்பின் தலையில் மூன்று பைட் கொண்ட ஒரு கண்ணுக்குத் தெரியாத குறியை வைத்துச் சேமிக்கின்றன, அதனால்தான் முதல் வரியின் பெயர் பொருந்தாமல் போகிறது என்பதை நீங்கள் சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். எடிட்டரின் தானியங்கி ஒழுங்கை அணைத்துவிட்டு, பழைய ஃபங்ஷன் பெயர்களை அப்படியே விட்டுவிட்டு, அந்த ஒன்பதை மட்டும் ஒரு சோதனைக் கோப்புடன் சேர்த்துப் புதிதாக அனுப்புங்கள். முந்தைய மடலுக்கு ஒரு வரியில் வருத்தமும் சொல்லிவிடுங்கள். அனுப்பும் முன் ஒன்றைத் திருத்த வேண்டும். உங்கள் நிரல் கோப்பின் முதல் மூன்று பைட்களை எடுத்து அந்தக் குறியோடு ஒப்பிடுகிறது. கோப்பில் மூன்று பைட்களாவது இருக்கின்றனவா என்று அதற்கு முன் பார்ப்பதில்லை. வெற்றுக் கோப்பு ஒன்றைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைப் படிக்கிறது.